ஒரே பக்கம் சாய்ந்த கோடுகள்

டியூப்லைட்டை அணைக்கச் சொன்னேன்.
அது எல்லாவற்றையும் மன்னித்துவிடும்.
ஒரு மஞ்சள் பல்பு போதும்,
மேசை விளிம்பில், தாழ்வாக.

முருகன்குறிச்சியில் மூக்குக்கண்ணாடிக் கடை எனக்கு.
ஷட்டரைப் பாதி இறக்கியபின்
லென்ஸுக்கு வேறு வேலை.

தென்காசியிலிருந்து ஆவுடையப்பன்
சட்டைப்பையில் கொண்டுவந்தது
பம்பாய் நாணயச்சாலை புரூஃப், வெள்ளி.
விளிம்பைப் பிடித்துச் சாய்க்கிறேன்.
ஓரமெல்லாம் கருப்பட்டிப் பாகு,
உள்ளே வர வர மயில்கழுத்து.
பூசிய நிறமில்லை, தானாக ஏறியது.
இருபத்தெட்டுச் சாரல்
அவர் பீரோவுக்குள் வந்து போயிருக்கிறது.
பிளாஸ்டிக் உறை கசிந்த பச்சை எங்குமில்லை.
சிங்கத் தலைகளின் மேல் வெண்பனி
அச்சில் விழுந்தபடியே.

"தேறுமாவே?"
"பொறும்."

இன்னும் ஒரு நூல் சாய்த்தேன்.
வெறுந்தளத்தில்,
என் மூக்கு தெரிகிற இடத்தில்
மயிரிலும் மெல்லிய கோடுகள்,
காற்றுக்குப் படுத்த நாற்றுபோல்
எல்லாம் ஒரே பக்கம்.
நிறத்துக்கு மேலே அல்ல, அடியில்.
நிறம் ஏறுவதற்கு முன்பே
யாரோ துடைத்திருக்கிறார்கள்.

"நான் ஏன் தொடைக்கேன்" என்றார்.
பல்பைப் பார்த்தார்.
"தபால்ல வந்த அன்னைக்கு
திருநீறு தொட்டு
ஒரே ஒரு தடவ.
பளபளன்னு இருந்துச்சு,
இன்னும் கொஞ்சம் பளபளக்கட்டுமேன்னு."

பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதினேன்:
நிறம் அசல்.
தளம் துடைத்தது.
விலையில் பாதி.

வாசிக்கவென்று அவர் கண்ணாடியைக் கழற்றி
வேட்டி நுனியால்
அழுத்தி அழுத்தித் துடைத்தார்.
வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
மஞ்சள் வெளிச்சத்தில் அதிலும் தெரிந்தன,
ஒரே பக்கம் சாய்ந்து.