இழுப்புக்கு நூறு ரூபா

கட்டில் பன்னிரண்டு, சக்கர நாற்காலி ஒன்பது
என்றுதான் கொள்கலனின் பட்டியல் சொன்னது.
கடைசி மெத்தையை இழுத்தபோது
பின்னால் படுத்திருந்தது
மூக்கு நீண்ட மஞ்சள் மிருகம்,
முன்னங்கால் இருக்கவேண்டிய இடத்தில்
இரண்டு சறுக்குக் கட்டைகள்.
ரொறன்ரோ மங்களநேசன் துண்டெழுதி ஒட்டியிருந்தார்:
"எழுபத்துமூன்றாம் ஆண்டுப் பனிவண்டி.
எறிய மனம் வரேல்லை.
அங்கை ஆருக்கும் உதவும்."

திருகோணமலையில்.
ஆனி மாதத்தில்.

சிறுநீரக நோயாளர் உதவிச் சங்கம் அவசரமாகக் கூடியது.
இரும்பு விலைக்குக் கொடுப்போம் என்றேன். நான் பொருளாளர்.
பார்த்தலட் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.
"டூ ஸ்ட்ரோக். எங்கட வள்ளத்து எஞ்சினுக்குச் சொந்தக்காரன்.
குளிருக்குப் போன சொந்தக்காரன்."
அதற்குப் பிறகு என் பேச்சை எவரும் எடுக்கவில்லை.

பஸ் நிலையத்துக்குப் பின்னால், அவருடைய வெல்டிங் கொட்டிலில்
ஆறு ஞாயிற்றுக்கிழமைகள்.
புகைக்குழாயைக் கவிழ்த்தால் கொட்டைகள் கொட்டின,
ஏதோ கனடா எலியின் சேமிப்பு.
தெருவில் திரிகிற மானொன்று வந்து
ஒன்றை மென்று, யோசித்து, துப்பிவிட்டுப் போனது.
கிண்ணியா ரிஸ்மியா ஓட்டோ றெக்சினில்
சிவப்பாய் ஓர் இருக்கை தைத்தாள்.
திருக்கடலூர் சிவபுண்ணியம் கொயில் தந்தார்;
மச்சான் கேட்டால் கடலில் விழுந்ததாகச் சொல்லச் சொன்னார்.
டிப்போவில் கழித்த பெல்டை
சாரத்துக்குள் சுற்றிக்கொண்டு வந்தான் சுனிமல்.
அதைக் கணக்கில் எப்படிக் காட்டுவது?
"நன்கொடை" என்று எழுதி
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

ஆடியில், உப்புவெளிக் கடற்கரை.
மணல் சுட்டது. சறுக்குக் கட்டைக்குக் கீழே குளிர் வேண்டுமாம்.
ஐஸ் வாடியிலிருந்து இருபது பெட்டி
உடைத்துக் கொட்டினோம், நாற்பதடி நீளத்துக்கு.
அதுதான் எங்கள் பனி.
அதில் சூடைமீன் செதில் மினுங்கியது.
பூனைகள் வந்து சேர்ந்தன.

கயிறு ஓரிழுப்பு நூறு ரூபா,
ஸ்டார்ட் ஆக்குகிறவருக்கு முதல் சவாரி.
பொலிஸ்காரர் இழுத்தார்.
படம்பிடிக்க வந்த மணப்பெண் இழுத்தாள்,
காப்பு உடைந்தது, இன்னொரு நூறு நீட்டினாள்.
ஊசி குத்திய கையை மார்போடு சேர்த்துக்கொண்டு
மற்றக் கையால் இழுத்தார் நோயாளி குணநாயகம்.
வண்டி இருமியது. அவ்வளவுதான்.

ஐந்நூறாவது பற்றுச்சீட்டில்
எனக்கொரு கள்ள எண்ணம் வந்தது:
இது ஸ்டார்ட் ஆகவே கூடாது.
பார்த்தலட் ஒவ்வொரு தடவையும்
பிளக்கைக் கழற்றி ஊதிப் பூட்டினார், முகம் கறுத்து.
அவர் பக்கம் பார்க்காமல் சீட்டுக் கிழித்தேன்.

அறுநூற்றுப் பதினொன்று.
வெறும் பெட்டிகளை எடுக்க வந்த ஐஸ்காரப் பெடியன் ஜெனுசன்
"என்னண்ணை இது?" என்று
காசு தராமலே இழுத்தான்.

அப்படியொரு சத்தம்.
காகங்கள் கிளம்பின, பூனைகள் சிதறின,
பெடியன் எப்போது ஏறினானென்று தெரியாது,
ஐஸைக் கிழித்துக்கொண்டு போனது வண்டி,
நாற்பதடி முடிந்தும் போனது.
நிப்பாட்டுகிற சுவிட்சை எவரும் பார்க்கவில்லை.
ஓடவைப்பதைத்தான்
ஆறு கிழமையும் யோசித்திருந்தோம்.

கடல் முழங்கால் ஆழத்தில் அதை வாங்கிக்கொண்டது.
புஸ்ஸென்று ஆவி.
"பிரேக் எங்கை?" என்றான் ஜெனுசன், இருந்தபடியே.
பார்த்தலட் சப்பாத்தோடு இறங்கிப் போய்
அந்த மஞ்சள் மூக்கைத் தடவிக்கொண்டு நின்றார்,
அலை அவரை நனைக்க நனைக்க.

இரவு எண்ணினேன். அறுபத்தோராயிரத்து நூறு.
இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவுக்குச் சாய்கதிரை இரண்டு வேண்டும்;
ஐஸ் காசு கழித்தால்
ஒன்றுக்கும் காணாது.
"எஞ்சினுக்குள்ள உப்புப் போயிருக்குமே?" என்றேன்.
"போயிருக்கும். முழுக்கக் கழற்றவேணும்,"
சந்தோசத்தை மறைக்கத் தெரியவில்லை அந்த மனிதருக்கு.

காலையில் புதிய பற்றுச்சீட்டுப் புத்தகம் வாங்கினேன்.
முதல் தாளில் எழுதினேன்:
ஜெனுசன், ஐஸ் வாடி.
வரவேண்டியது, ரூபா நூறு.