இரண்டாம் எண்

கோரமண்டல் என்று மொரீஷியஸிலும் ஓர் ஊர் உண்டு.
தொழிற்பேட்டை. என் ஜன்னலில் கடல் தெரியாது,
கன்டெய்னர் லாரிகளின் முதுகு தெரியும்.

காலை ஒன்பதே காலுக்குப்
புயல் எச்சரிக்கை, இரண்டாம் எண்.
மூன்று வந்தால் ஆலை தானாக மூடிக்கொள்ளும்,
என்னை யாரும் கேட்கமாட்டார்கள்.
இரண்டு என்பது
என் தலையில் கட்டிவிட்டுப்போன எண்.

ஒன்பது இருபதுக்குத் தலைமை அலுவலகம்:
பணியாளர் பாதுகாப்பே முதன்மை.
ஒன்பது இருபத்தெட்டுக்கு
அதே அலுவலகம், அதே கையெழுத்து:
துறைமுகம் அடைப்பதற்குள் பெட்டி ஏறியாக வேண்டும்.
பதினோராயிரத்து நானூறு சட்டை.
ஆயிரத்து அறுநூறு பாக்கி.

இரண்டையும் அச்செடுத்து
மேசைமேல் அருகருகே வைத்தேன்.
ஒன்று இருப்பது மற்றொன்றுக்குத் தெரியாது போலிருந்தது.

சங்கத்திலிருந்து மரிலின் வந்தாள்:
"பஸ் ஓடும்போதே விடு.
ரிவியேர் நுவாருக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்."
அவள் போன கதவு மூடுமுன் ரொக்சானா:
"எங்களுக்கு பஸ் எதற்கு,
சுவர் தாண்டினால் விடுதி.
ஓவர்டைமை மட்டும் நிறுத்தாதே மதாம்,
ஜமால்பூரில் தம்பிக்குப் பரீட்சைக் கட்டணம்."

சரி, நடுவில் நில் என்றேன் எனக்கு நானே.
வீடு தூரமானவர்கள் போகலாம்,
விடுதிக்காரர்கள் இருக்கலாம்.
நல்ல தீர்ப்புதான், பதினொன்றரை வரைக்கும்.

பிறகுதான் உறைத்தது:
காலர் வரிசை முழுக்க உள்ளூர்ப் பெண்கள்.
இருந்தவர்கள் கை தைத்தார்கள், பட்டி தைத்தார்கள்,
பொத்தான் தைத்தார்கள்.
மாலை வரை மலைபோல் குவிந்தன
கழுத்தில்லாச் சட்டைகள்.
துணியை நடுவில் கத்தரித்தால்
பாதி பாதி வரும்.
வேலையைக் கத்தரித்தால் வராது.

ஏழாம் வரிசையில் மூர்கேன் குனிந்திருந்தான்.
காற்றில் ஈரம் ஏறினால் நூல் முரண்டு பிடிக்கும்.
மேல்நூல் ஒரு பக்கம் இழுக்க
பாபின் நூல் மறுபக்கம் இழுக்க
முடிச்சு துணிக்குள் ஒளிய வேண்டும்,
எது ஜெயித்தாலும் தையல் கெட்டது.
திருகைக் கால் சுற்று திருப்பினான்,
ஓட்டிப் பார்த்தான்,
கிரியோலில் ஒரு கெட்ட வார்த்தை,
மறுபடி திருப்பினான்.
"எந்த எண்ணில் வைக்கிறாய்?"
"எண்ணா? இந்தத் துணிக்கு,
இந்த மணிக்கு, இது.
என் கூரை தகரம் மதாம், நான் கிளம்பட்டுமா?"

இரவு புயல் வடக்கே வளைந்து போயிற்று.
மூன்றாம் எண் வரவேயில்லை.
பெட்டி குறையாகவே கப்பலேறியது.

காலையில் முதல் அழைப்பு: ஏன் அனுப்பினாய்?
அடுத்த அழைப்பு: ஏன் மற்றவர்களை வைத்திருந்தாய்?
இரண்டுக்கும் பதில் எழுதினேன்,
ஒரே கோப்பில், தேதி போட்டு.
வந்திருந்தால் கேள்விகள்
வரிசை மாறியிருக்கும், அவ்வளவுதான்.

கேட்கத் தகுந்ததை ரொக்சானாதான் கேட்டாள்,
சம்பளச் சீட்டை மடித்துக்கொண்டே:
"எங்களுக்கு ஏன் காலர் கற்றுத்தரவில்லை?"

திங்கட்கிழமை அவளைக் காலர் வரிசையில் உட்காரவைத்தேன்.
பக்கத்து நாற்காலிகள் மெல்ல நகர்ந்துகொண்டன.
இன்று அவளுக்கு என்றால் நாளை நமக்கு எதற்கு என்று
யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கண்ணாடிக்கு அப்பால்
மரிலின் எழுதிக்கொண்டிருக்கிறாள்.
எனக்குத்தான்.
இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டாள்.