தாழ்ப்பாள் வரைக்கும்

அந்தப் படத்தை இன்றைக்கும் போட்டான்,
பழைய படச் சேனலில், ராத்திரி பத்தரைக்கு.
போடுவான் என்று சாயங்காலமே தெரியும்.
உலைக்கு அரிசி அள்ளும்போது
கை தானாக ஒரு பிடி கூட்டிப் போட்டது.

வந்துவிட்டார்.
வெள்ளை உடுப்பில்லை, பனிமூட்டமில்லை,
பின்னால் வயலின் இல்லை.
வாசம்தான் முதலில் வரும்.
உலர்களத்தில் மூன்று நாள் வெயில் குடித்த
தேங்காய்ப் பருப்பின் வாசம்,
கூடவே கொஞ்சம் கந்தகம்.
அப்புறம் கட்டில் ஒருதரம் முனகும்.
அவ்வளவுதான் சென்னியப்பன்.

பெயர் சொல்லிவிட்டேன், பாருங்கள்.
இருபத்தாறு வருசம் 'ஏனுங்' என்றே கூப்பிட்டு
இறப்புச் சான்றிதழுக்குப் போன அன்று
ஜன்னலுக்கு அந்தப்பக்கத்துப் பையன் கேட்டான்:
இறந்தவர் பெயர்?
அன்றைக்குத்தான் முதன்முதலாக வாயில் வந்தது.
நாக்கு கூசியது,
அடுத்தவர் பொருளை எடுத்தது போல.

படத்தில் மலை பங்களா.
கல்யாணத்துக்கு முந்தின நாள் ஏரியில் போனவள்
அமாவாசைக்கு அமாவாசை
ஈரக் கூந்தலோடு தோட்டத்தில் நிற்கிறாள்.
உள்ளே அவன் பியானோ வாசித்துக் காத்திருக்கிறான்.

"ஈரத்தலையோட இத்தன நேரம் நின்னா
சளி புடிக்காதா அம்மிணி?"

செத்தவளுக்கு என்னங் சளி, பேசாமப் பாருங்.

"செத்தா ஒண்ணும் வலிக்காதுங்கறான்.
எனக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்குது."

கல்யாணமாகி நாற்பதாம் நாள்,
காங்கேயத்துக் கொட்டகையில் இதே படம்.
அவர் மடியில் தட்டுவடைப் பொட்டலம்,
என் மடியில் புதுச் செருப்பு,
கீழே விட்டால் காணாமல் போகுமென்று.
ஒன்பது இருபதுக்குக் கடைசி பஸ்.
அவன் தாழ்ப்பாளில் கை வைத்தான்.
வெளியே அவள்.
திறந்தால் என்ன ஆகுமென்று
கொட்டகையே மூச்சு விடாமல் இருக்க,
இவர் என் முழங்கையைப் பிடித்தார்:
"வா, பஸ்ஸு போயிரும்."

வெள்ளக்கோவில் ரோட்டில்
முடிவு அவர் ஒன்று சொன்னார்.
நான் ஒன்று சொன்னேன்.
ஊர் வருவதற்குள் சண்டை.

பொறவு எப்போது போட்டாலும் ஏதாவது வந்துவிடும்.
மழை இறங்கிக் களத்தை மூட ஓடுவார்.
பாப்பாவுக்குக் காய்ச்சல்.
கோயமுத்தூர் ஆஸ்பத்திரி வார்டில்கூட ஒருநாள் போட்டான்.
நர்சம்மா வந்து அணைத்துவிட்டுப் போனாள்.

முடிவு தெரியாமலே போனவர்.
அதற்குத்தான் வருகிறார்.
என்னைப் பார்க்க என்று நினைத்துக்கொள்ள
ஆசைதான்,
ஆனால் வேறு படம் போட்ட ராத்திரிகளில்
கட்டில் முனகுவதில்லை.

பார்த்து முடித்துவிட்டால்?

இதோ, பியானோ நின்றுவிட்டது.
அவன் எழுகிறான்.
நடை நீளம்; ஒவ்வொரு மெழுகுவர்த்தியாக அணைகிறது.
அவர் சித்தெ முன்னால் நகர்ந்து உட்கார்கிறார்.
தாழ்ப்பாளில் அவன் கை.
தலையணைக்கடியில், ரிமோட்டில்
என் கை.

"அட, கரண்டு போயிருச்சுங்."

தெருவிளக்கு ஜன்னல் வழியே வந்து
அவர் உட்கார்ந்த இடம் முழுக்க விழுகிறது.
மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அவர் ஃபேனை அண்ணாந்து பார்த்தார்.
கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்த ஈபிக்காரனுங்களுக்கு
எப்பவும் இந்த நேரந்தான்" என்றார்.