முதல் அறுபது அடி

சலினாஸில் ஞாயிறு பகல் முழுக்கக்
காற்று ஈரத்துணியாய்த் தொங்கியது.
எட்டு புள்ளி ஒன்பது நான்கு.
மறுபடியும் எட்டு புள்ளி ஒன்பது நான்கு.
நேரச்சீட்டைக் கசக்கி எறிந்தான் எலியேசர்.
நான் பொறுக்கி, தொடையில் வைத்து நீவினேன்.

கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்த எல்லோரிடமும்
ஒரே மருந்துதான் இருந்தது:
"டர்போவை ஏற்று, மிக்தாலியா. இன்னும் ஏற்று."
ஏற்றலாம்.
முட்டைக் கூட்டுக்குள் சுழலும்
இரண்டு முக்கோணங்கள்தான் எங்கள் எஞ்சின்.
ஒவ்வொரு முனையிலும் மூன்று மில்லிமீட்டர் தகடு
சுவரை உரசியபடி காவல் நிற்கிறது.
போன ஈஸ்டரில் அதில் ஒன்று உடைந்து
டர்போவையும் தின்றுவிட்டுத்தான் வெளியேறியது.
அந்தக் கடன் இன்னமும்
என் தங்கை நைடாவின் சம்பளத்தில் மாதாமாதம் கழிகிறது.

ஆகவே சீட்டைப் படித்தேன்.
கோட்டுக்கு முப்பது அடி இருக்கும்போதே
எஞ்சின் உச்சத்தில் முட்டித் திக்குகிறது.
அது பின்னச்சின் பிழை.
முதல் அறுபது அடிக்கு
ஒன்று புள்ளி மூன்று எட்டு.
அது என் பிழை.
டயர் தரையோடு பேசாமல்
புகையோடு பேசிக்கொண்டிருக்கிறது.

வெயில் சாய்ந்ததும் ஜாக்கி ஏற்றி
பின்னச்சின் வயிற்றைத் திறந்தோம்.
நான்கு புள்ளி நாற்பத்து நான்கு வெளியே,
நான்கு புள்ளி பத்து உள்ளே.
கியர் எண்ணெய் நாற்றம் முழங்கைவரை.
நைடா டார்ச்சைப் பிடித்தபடி
வறுத்த வாழைக்காயை என் வாயில் திணித்தாள்.
ஸ்லிக் டயரில் இரண்டு ராத்தல் காற்றை விட்டேன்,
புஸ்ஸென்று, ஒரு சலிப்பைப்போல.
முதல் கியரில் பொறியை இரண்டு பாகை தாமதித்தேன்.
கிளம்பும் சுற்று ஏழாயிரத்து இருநூறிலிருந்து
ஆறாயிரத்து நானூறு.

"பலத்தைப் பிடுங்கிவிட்டு வேகம் கேட்கிறாயா?"
"ஆமாம்."
"பைத்தியம்."
"உட்கார்."

இரவு ஒன்பதரை. கடற்காற்று குளிர்ந்து கனத்தது.
கனத்த காற்றுக்குக் கொஞ்சம் கூடுதல் மெத்தனால்,
லேப்டாப்பில் ஒரு கட்டத்தில் ஒரே ஒரு எண்.
பக்கத்துத் தடத்தில் ஹுவானா டியாஸ் செசாரியோ,
மஞ்சள் மாஸ்டாவில், கையுறையைக் கடித்து இழுத்தபடி.

மூன்று மஞ்சள் விளக்கும் சேர்ந்து எரிந்து
பச்சை விழுந்தது.
செசாரியோ போய்விட்டான்.
எங்கள் வண்டி நின்றது.
ஒரு மெய்யெழுத்தைச் சொல்லும் நேரம்,
அரை மாத்திரைகூட இல்லை,
ஆனால் நின்றது.

பிறகு கிளம்பியது பாருங்கள்,
புகையே இல்லாமல்,
யாரோ அடியிலிருந்து கயிறு கட்டி இழுத்ததுபோல.
அறுபது அடி: ஒன்று புள்ளி இரண்டு ஒன்பது.
மொத்தம் எட்டு புள்ளி எட்டு ஒன்று.
எங்கள் வாழ்நாளின் மிகச் சிறிய எண்.

செசாரியோவுக்கு எட்டு புள்ளி ஒன்பது மூன்று.
ஆனாலும் அவன்தான் ஜெயித்தான்,
முக்கால் வண்டி நீளத்தில்.

ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னான் எலியேசர்:
"சத்தம் தாழ்ந்திருந்தது.
எஞ்சின் சாகிறதென்று நினைத்தேன்.
வேறு யாருடைய வண்டியிலோ உட்கார்ந்திருந்தேன்."

எல்லாவற்றுக்கும் சுருதி சேர்த்தேன்,
கியருக்கு, காற்றுக்கு, பொறிக்கு.
அவன் காதை மறந்துவிட்டேன்.

சற்றுப் பொறுத்து செசாரியோ வந்து நின்றான்,
தலையைச் சொறிந்தபடி:
இறுதிச் சுற்றுக்கு ஒரு காயில் கிடைக்குமா?
எடுத்துக்கொள் என்று பெட்டியைக் காட்டினேன்.
"திருப்பிக் கொடு" என்று நைடாதான் கத்தினாள்.

பதினோரு மணி. பாதிப் பேர் போயாயிற்று.
ஜாக்கியில் நிற்கும் வண்டிக்குள்
கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறான் எலியேசர்.
ஆறாயிரத்து நானூறு வரை ஏற்றுகிறான்.
விடுகிறான்.
ஏற்றுகிறான்.
"இதுவா?"
"இன்னும் கொஞ்சம் கீழே."
எதிர்க் கூடாரத்திலிருந்து யாரோ கெட்ட வார்த்தை சொல்கிறார்கள்.
"இதுவா?"