போதிய ஆதாரம்

நவம்பரில் ஏதென்ஸில் கூட்டம் இருக்காது,
ரூம் வாடகை பாதிதான் என்று
மூன்று மாதம் கணக்குப் போட்டவர் திம்மராயன்.
தூதரகத்துக் கடிதம் ஒரே வரியில் முடித்துவிட்டது:
திரும்பி வருவீர்கள் என்பதற்குப்
போதிய ஆதாரம் இல்லை.

மிச்சம் இருந்தது லீவு மட்டும்.
ஓசூர் கம்பெனியில் எழுதிக் கொடுத்த லீவை ரத்து செய்வது
விசா வாங்குவதைவிடக் கஷ்டம்.
"பழைய தலைநகரம்தானே வேணும், தகடூர் இருக்கே"
விளையாட்டாகத்தான் சொன்னேன்.
அவர் குடையைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜ்.
பேரேட்டைத் திருப்பி வைத்து மேனேஜர் கேட்டார்:
கல்யாணமா, கோர்ட்டா, ஆஸ்பத்திரியா?
சுற்றிப் பார்க்க, என்றோம்.
பேனா நின்றது.
"ஒகேனக்கல்ல தண்ணி ஏறியிருக்கு, பரிசல் விடல."
"ஒகேனக்கல் இல்லீங்க. இந்த ஊரை."
எங்களையும் பையையும் ஒருமுறை பார்த்துவிட்டு
வந்த காரணம் என்ற கட்டத்தில்
சொந்த வேலை
என்று எழுதிக்கொண்டார்.

ஏதென்ஸுக்கென்று அவர் கற்று வைத்திருந்தது ஒரே சொல்.
எஃபரிஸ்தோ. நன்றி என்று அர்த்தமாம்.
யாரிடமாவது சொல்லித் தீர்க்க வேண்டுமே,
நாலு ரோட்டு டீக்கடையில் சொன்னார்.
கடைக்காரர் தலையாட்டி, கிளாஸைத் திரும்ப வாங்கி
இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டுக் கொடுத்தார்.

மியூசியத்தில் எங்கள் இருவருக்காக
டியூப்லைட்டைப் போட்டார் அன்வர் பாஷா.
அது இரண்டுமுறை கண் சிமிட்டி யோசித்துவிட்டுத்தான் எரிந்தது.
வரிசையாய் நடுகற்கள்.
ஒருவன் கையில் வாள், நெஞ்சில் நாலைந்து அம்பு,
காலடியில், எதற்கும் சம்பந்தமில்லாததுபோல், ஒரு மாடு.
"மாடு ஊர் திரும்பிடுச்சு. ஆள் திரும்பல.
அதான் கல்லு" என்று சொல்லிவிட்டு
சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார் பாஷா.
எலுமிச்சை சாதம் மணத்தது.
பத்திரமாய் வீடு வந்தவர்களுக்கு
இந்த ஊரில் ஒரு கூழாங்கல்கூட இல்லை.

மறுநாள் காலை கோட்டைக் கோயில்.
எங்கள் பழைய பட்டியலில் அதே நேரத்துக்கு
அக்ரோபோலிஸ் என்று இருந்தது:
வெள்ளைத் தூண்கள், வெயில், தூரத்தில் கடல்.
இங்கே ஈரக் கருங்கல், வௌவால் வாடை.
ஒரு தூண் தரையைத் தொடாமல் தொங்குகிறதாம்.
"நம்பலன்னா துணியை விட்டுப் பாரு"
தலை நிமிராமல் பூக்கட்டியபடி சொன்னாள் மாதம்மாள்.
துண்டு லாட்ஜ் கொடியில், காயாமல்.
பையைத் துழாவினேன்.
வாழைப்பழம், பிரஷர் மாத்திரை,
நாலாய் மடித்த அந்தக் கடிதம்.
எதற்கு எடுத்து வந்தேன் என்று கேட்காதீர்கள்.

விரித்தேன். மண்டியிட்டு இந்தப் பக்கம் செருகினேன்.
அந்தப் பக்கம், ஐம்பத்திரண்டு வயதில்,
இன் பண்ணின சட்டையோடு குப்புறப் படுத்து
கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.
சரசரவென்று ஒரு சத்தம்.
மேலே எத்தனை டன் கல்லோ
ஒரு தாள் போகுமளவு இடம் விட்டு
தன் வேலையைப் பார்த்துக்கொண்டு நின்றது.
"வந்துடுச்சு நாகவேணி, வந்துடுச்சு!"
மாதம்மாள் அப்போதும் தலை நிமிரவில்லை.

மூன்றாம் நாள் பட்டியலில் தீவுக்குக் கப்பல்.
விடாத மழை.
லாட்ஜ் கட்டிலில் பகலெல்லாம் தூங்கினோம்,
நடுவில் எழுந்து கடலை தின்றோம்,
யாரும் போன் பண்ணவில்லை.

ஓசூர் ரெண்டு, என்றார் பஸ்ஸில்.
கண்டக்டர் கிழித்துத் தந்ததை
எப்போதும்போல் சுருட்டி எறியாமல்
கடிதத்தின் மடிப்புக்குள் வைத்து, பர்ஸில் வைத்து,
பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.
கிருஷ்ணகிரி தாண்டும்வரை கவனித்தேன்.
அப்புறம் தூங்கிவிட்டேன்.