நூறாவதில் மணி அடிக்கும்

முப்பத்தோரு வருடம்
ராயபுரத்து ஆஸ்பத்திரியில், ஜன்னலோர மேஜையில்
பிறத்தியார் ரத்தத்தில் வெள்ளணு எண்ணினேன்.
கண் குழாயில், விரல் எண்ணியில்.
இனத்துக்கு ஒரு பித்தான், மொத்தம் ஐந்து.
நூறாவதில் மணி அடிக்கும்.
பெயரெழுதிவிட்டு அடுத்த கண்ணாடித் துண்டு.

எழுபத்தாறில், ஆடிமாத விடியலொன்றில்
இடது விலாவில் கோடு இழுத்தாற்போல் எரிச்சல்.
ரவிக்கைக் கொக்கி உரசியதென்று நினைத்தேன்.
மூன்றாம் நாள் கொப்புளங்கள், பதினேழு.
(எண்ணாமல் இருக்க முடியுமா என்னால்?)
முதுகில் தொடங்கி மார்புக்குக் கீழே
பாதியில் அறுந்த ஒட்டியாணம்.

"அக்கிதாங்க்கா, கொசப்பேட்டைல எழுதிக்கோங்க"
மாடிப்படியிலிருந்து சுலைகா கத்தினாள்,
ரயில் கடக்கும் சத்தத்துக்கு மேலே.

வந்தவள் யாரென்று எனக்குத் தெரியும்.
ஐம்பத்தாறில் வந்தவள்.
எனக்கு எட்டு வயது. வாசலில் வேப்பிலை.
என்னை யாரும் அதட்டக்கூடாதென்று வீட்டில் உத்தரவு.
மூன்றாம் தண்ணீர் ஊற்றி
"ஆத்தா இறங்கிட்டா" என்றார்கள்.
எங்கே இறங்கினாள்?
தண்டுவடத்தோரம் ஒரு நரம்பின் வேரில்
பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள்.
அறுபத்தெட்டு வருடம்.
என் பரீட்சை, கல்யாணம், இரண்டு பிரசவம்,
கஜபதி போய்ச் சேர்ந்தது,
எதற்கும் எழுந்திருக்கவில்லை.

அவளைக் கிடத்தி வைத்திருந்தவர்களையும் தெரியும்.
நாலாவது பித்தான். லிம்போசைட்.
கருநீல உருண்டை, ஓரத்தில் விரற்கடை வானம்.
எத்தனை லட்சம் பார்த்திருப்பேன்.
நெஞ்செலும்புக்குப் பின்னே ஒரு சுரப்பியில்
படித்துத் தேறியவர்களும் அதில் உண்டு.
இது நம் வீடு, இது வேற்றாள் என்று
பிரிக்கத் தெரிந்தால்தான் அங்கே பாஸ்.
நான் பாவாடை தாவணிக்கு மாறும் முன்பே
அந்தச் சுரப்பி சுருங்கத் தொடங்கியிருக்கும்.
இன்று அவ்விடத்தில் வெறும் கொழுப்பு.
புதிதாக ஆள் எடுப்பது அநேகமாக நின்றாயிற்று.
பழைய ஆட்களே தம்மைத் தாமே பிரதியெடுத்து
ஷிப்ட் மாற்றி ஷிப்ட் நிற்கிறார்கள்.

போன மாசி மாதம் நிமோனியா வந்தது.
காய்ச்சல் வரவில்லை.
சோறு பிடிக்கவில்லை, வியாழனைச் செவ்வாய் என்றேன், அவ்வளவுதான்.
எரிய வேண்டிய இடத்தில் எரிவதில்லை.
முழங்காலில் மட்டும் காரணமில்லாமல்
நாளெல்லாம் உமி கனல்கிறது.

டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார்.
இப்போது மெஷின் எண்ணுகிறது, மணி கிடையாது.
லிம்போசைட் முப்பத்தொன்று. நார்மல்.
தாளைக் கையில் வைத்துக்கொண்டு
ஆட்டோவில் வெகுநேரம் பேசாமல் வந்தேன்.
நானும் இப்படித்தானே எழுதினேன்,
பெஞ்சில் இருமிக்கொண்டிருந்த கிழவர்களுக்கெல்லாம்
நார்மல், நார்மல் என்று.
தலை எண்ணத் தெரிந்தது.
நரை பார்க்கத் தெரியவில்லை.

மாத்திரை விழுங்கினேன், தினம் ஐந்து வேளை, ஏழு நாள்.
கொசப்பேட்டைக்கும் போனேன். மறைக்க என்ன இருக்கிறது?
எழுதியவளுக்கு முப்பது வயதிருக்கும்.
வீட்டு அட்வான்ஸ் பற்றி போனில் சண்டை போட்டபடியே
இறகால் காவியை இழுத்தாள்.
ஜில்லென்று இருந்தது.
கொப்புளம் உலர்ந்தது. வலி மட்டும்
ஐப்பசி மழை ஓயும்வரை விலாவில் குடியிருந்தது.

தையில் தடுப்பூசி. பென்ஷனில் பாதி போயிற்று.
"நாளைக்குக் கை வலிக்கும்மா" என்றாள் நர்ஸ்.
வலிக்கவில்லை.
மறுநாள் அமுக்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.
கடிதம் போட்டும் பதில் வராத வீடு மாதிரி
கை தொங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் அவமானம்.
பங்குனியில் இரண்டாவது ஊசி.
அன்றிரவு மின்விசிறிக்கடியில் குளிர்ந்தது.
தோள்பட்டையில் எலுமிச்சை அளவு வெதுவெதுப்பு.
எழுந்து விளக்கைப் போட்டு,
தெர்மாமீட்டரை ஜன்னல் பக்கம் சாய்த்துப் படித்தேன்.
தொண்ணூற்றொன்பது புள்ளி நாலு.
காலண்டர் தாளின் முதுகில் எழுதினேன்,
பெயர், வயது, தேதி; பழக்கதோஷம்.

சத்தம் கேட்டு இளம்பரிதி எழுந்து வந்தான்,
நெற்றி தொட்டான், மாத்திரையை உரித்து நீட்டினான்.
"இருடா" என்றேன்.
"கொஞ்ச நேரம் காயட்டும்."