கால் மில்லிமீட்டர்

பல்லுக்கும் இடுப்பு உண்டு.
கொக்கி அதற்குக் கீழே இறங்கித்தான் பிடிக்க வேண்டும்.
உலோகத்துக்குக் கால் மில்லிமீட்டர் போதும்,
பிசினுக்கு அரை.
அந்தக் கால் மில்லிமீட்டர் வித்தியாசத்தில்தான்
மோல்மேனில் எனக்குச் சோறு.

அங்கம்மா மாடியேறி வந்த அன்று
மூன்றாவது தடவையாகக் கரண்ட் போயிருந்தது.
அடையாள அட்டையில் டோ எய் மியா.
மீன் துறையில் ஏலம் கூவுகிறவள்:
விலை பர்மியத்தில், வசவு தமிழில்.
மேல்வரிசையில் நான்கு பல் இல்லை.
"கம்பி தெரியக் கூடாது" என்றாள்.
"ஐம்பத்திரண்டு வயசுல கல்யாணம்.
போட்டோ எடுப்பாங்க."

இரண்டையும் மேசையில் வைத்தேன்.
கோபால்ட் குரோமியம், மெல்லிசு.
வளைத்துவிட்டால் தானே திரும்பிக்கொள்ளும்.
தளர்ந்தால் குறட்டால் ஒரு அழுத்து.
சிரித்தால் மின்னும்,
குறை அது ஒன்றுதான்.

பிசின், பல்லின் அதே நிறம்,
பக்கத்தில் வந்தாலும் தெரியாது.
ஆனால் தடிமன் வேண்டும்.
பருக்கை ஒதுங்கும், வெற்றிலைக் கறை ஏறும்,
தளர்ந்தால் தளர்ந்ததுதான்,
குறட்டின் பேச்சை அது கேட்காது.

உல்லத்தையும் கெளுத்தியையும் தூக்கிப் பார்ப்பதுபோல
ஒவ்வொரு கையிலும் ஒன்றை ஏந்தினாள்.
"பிசின்" என்றாள்.
"வெத்தலைய விட்டுடுறேன்" என்றாள்.
அதை நான் எழுதிக்கொள்ளவில்லை.
எனக்கும் நிம்மதிதான்:
உலோகம் உருக உலை வேண்டும்,
உலைக்கு ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்கு டீசல்,
டீசலுக்கு யாரை வேண்டுவது?

அடுத்த தண்ணீர்த் திருவிழாவுக்குப் பத்து நாள் முன்பு
கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தாள்.
"வீசை பதினெட்டாயிரம்னு கூவுனேன்,
பல்லு மீன் கூடைக்குள்ள போயிடுச்சு.
எடுக்க வந்தவன் கேக்குறான்,
இதுவும் சேத்துத்தான் விலையான்னு."

கொக்கிகள் காவி நிறத்தில் இருந்தன.
வெற்றிலையைப் பற்றி
அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

"முன்பக்கம் பிசின், கடைவாயில் உலோகம்,
கலந்தும் செய்யலா..."
"கம்பியே போடு."
"சிரித்தால் தெரியுமே?"
"தெரியட்டும்" என்றாள்.
"அவரு ராத்திரி அவரோடதைக் கழட்டி
என் டம்ளர்லதான் போட்டு வைக்கிறாரு."

சாந்துக்குத் தண்ணீர் அளந்தேன்.
கீழே பஜாரில் எவனோ
கரண்ட் வந்துவிட்டதென்று கத்தினான்.
அங்கம்மா வாயைத் திறந்தாள்,
ஏலம் தொடங்கப்போகிறவளைப் போல,
முழுசாக.